தேசியத் திரைப்பட விருது: நடிப்புக்கான பரிசு யாருக்குப் போயிருக்க வேண்டும்?

ஓடைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்படும்போதெல்லாம் "இவருக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்" என்ற பேச்சு சில நாள்கள் பலமாக எழுந்து, பிறகு அடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சை ஆற அமர நடத்திப் பார்ப்போம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு நடிகரின் பெயரைச் சொல்பவர், அந்த ஆண்டு விருதை உண்மையில் பெற்றவர் யார் என்பதையும் சொல்லி, தம்முடைய தேர்வு அவரை எந்த வகையில் மிஞ்சுகிறது என்று காரணம் காட்ட வேண்டும். ஒருவர் கையில் விருதைக் கொடுக்க வேண்டுமானால் இன்னொருவர் கையிலிருந்து எடுத்தாக வேண்டும் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நானே தொடங்குகிறேன். சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை என்பது தமிழர்களின் நெடுநாள் மனக்குறை. அதில் பாதிக்குக் காலக்கணக்கே காரணம். நடிப்புக்கான விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்பட்டது. உத்தம் குமாரும் நர்கிஸும் முதலில் பெற்றார்கள். பராசக்தி, வீரபாண்டிய கட்டபொம்மன், பாசமலர் எல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்ட படங்கள். மீதிப் பாதிக்குத்தான் நாம் பதில் கேட்க முடியும். 1971இல் ரிக்‌ஷாக்காரன் படத்துக்காக எம்.ஜி.ஆர். விருது பெற்றார். அதே ஆண்டில் 'பாபு' படத்தில் சிவாஜியும் ரிக்‌ஷா இழுப்பவராகவே நடித்திருந்தார். நடிப்பை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வாக்கு 'பாபு'வுக்கே. ஆனாலும் அந்தப் படத்திலும் தேவைக்கு மேற்பட்ட உரத்த அழுகை இருப்பதால், என்னுடைய முழு வழக்கை அதன் மேல் கட்ட மாட்டேன்.

என் வழக்கு 1985, முதல் மரியாதை. அந்த ஆண்டு 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காக சசி கபூர் விருது பெற்றார். அரசியல் கொலையொன்றைத் துருவிச் செல்லும் பத்திரிகை ஆசிரியராக அவர் செய்தது நேர்த்தியான, அடக்கமான நடிப்பு. குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மலைச்சாமியாக சிவாஜி செய்தது வேறு தரத்தில் உள்ள ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரலையும் கண்ணையும் புருவத்தையும் உச்சத்தில் வைத்து நடித்துப் பழகிய ஒரு கலைஞர், அந்த ஆயுதங்கள் அத்தனையையும் கீழே வைத்துவிட்டு, ஒரு கிராமத்துப் பெரிய மனிதரின் தளர்ந்த நடையையும் பாதியில் நின்றுபோகும் சொற்களையும் மட்டும் கொண்டு படம் முழுவதையும் தாங்கினார். தனக்குப் பிறக்காத மகளையும் தன்னை மதிக்காத மனைவியையும் ஊருக்குக் காட்டிக்கொடுக்காமல் சுமந்துகொண்டு வாழ்கிற மனிதரின் வெட்கம் அவருடைய சிரிப்பில்கூடத் தெரிகிறது. அந்த விழாவில் முதல் மரியாதை சிறந்த தமிழ்ப் படமாகவும், வைரமுத்து சிறந்த பாடலாசிரியராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். படத்தை முழுதாகப் பார்த்த நடுவர்களே நடிகரைத் தவறவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

அல்லிக்கேணி

முதல் மரியாதை பற்றி எனக்கும் அதே கருத்துதான், ஐயா. ஆனால் அந்தப் படத்தைச் சொல்லிவிட்டு வடிவுக்கரசியைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம் தருகிறது. துணை நடிப்புக்கான விருது அதற்கு முந்தைய ஆண்டில்தான் அறிமுகமாகியிருந்தது. 1985இல் 'ராவ் சாகேப்' படத்துக்காக விஜயா மேத்தா அதைப் பெற்றார். விஜயா மேத்தா மராத்தி நாடக உலகின் பெரும் ஆளுமை, ஐயமில்லை. ஆயினும் மலைச்சாமியின் மனைவி பொன்னாத்தாவாக வடிவுக்கரசி எடுத்துக்கொண்ட துணிவு அரியது. பார்க்கிறவர் மனத்தில் ஒரு துளி இரக்கத்தைக்கூட யாசிக்காமல், வசவையும் வெறுப்பையும் மட்டுமே கையில் வைத்துக்கொண்டு, அந்த வெறுப்புக்கு அடியில் ஒரு பழைய அவமானம் இருப்பதை அவர் நமக்குத் தெரிவித்துவிடுகிறார். சிவாஜியின் மௌனம் அவ்வளவு கனமாகத் தெரிவதற்கு எதிரே நிற்கும் அந்தக் குரலே காரணம்.

என்னுடைய தேர்வுக்கு வருகிறேன். மூன்றாம் பிறைக்காக 1982இல் கமல்ஹாசன் விருது பெற்றார், ஸ்ரீதேவிக்குக் கிடைக்கவில்லை. இதை அநீதி என்று எழுதாதவர்கள் குறைவு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த நடிகை 'அர்த்' படத்தில் நடித்த ஷபானா ஆஸ்மி. பதினெட்டு வயதை ஒட்டிய ஸ்ரீதேவி, குழந்தை மனத்தை ஒரு கோமாளித்தனமாக்காமல், கொஞ்சல் எல்லை மீறாமல் காப்பாற்றியது பெரிய சாதனைதான். ஆனால் அந்தப் பாத்திரம் தொடங்கிய இடத்திலேயே பெரும்பாலும் நிற்கிறது. நினைவு திரும்பிய பிறகு அவளுக்குக் கதையில் இடமே இல்லை. கேத்தி ரயில் நிலையத்தில் அந்த முடிவின் பாரம் முழுவதும் கமல் தலையில்தான் விழுகிறது. ஷபானாவின் பூஜாவோ, கைவிடப்பட்ட மனைவியின் கெஞ்சலில் தொடங்கி, திரும்பி வரும் கணவனை அமைதியாக மறுக்கிற இடம் வரைக்கும் ஒவ்வொரு படியாக நம் கண்ணெதிரே ஏறிச் செல்கிறாள். நமக்கு வேண்டியவர் என்பதற்காக அந்த விருதை மாற்றிக் கேட்க என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாம்வரிசை

அல்லிக்கேணி அம்மா சொன்ன நேர்மையோடு கமலின் கணக்கையும் பார்க்க வேண்டும். அவருக்கு மூன்றாம் பிறை (1982), நாயகன் (1987), இந்தியன் (1996) என மூன்று முறை கிடைத்திருக்கிறது. முதல் இரண்டைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. மூன்றாவதை நான் ஏற்கவில்லை. சேனாபதியின் முதுமையில் பெரும்பங்கு ஒப்பனையின் வெற்றி. அந்தக் கனத்த முகப்பூச்சுக்குள் கமலின் கண்கள் மட்டுமே வேலை செய்கின்றன, சந்துருவாக வரும் மகனோ அவருக்குப் பழகிப்போன வேடம். அவருக்கு மூன்றாவது விருது வந்திருக்க வேண்டிய படம் மகாநதி. சிறையிலிருந்து வெளியே வந்து, கல்கத்தாவின் அந்தத் தெருவில் மகளைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்த பிறகு, அவள் தூக்கத்தில் பிதற்றுவதைக் கேட்டுத் தந்தை உடைந்துபோகிற காட்சியை மறுபடி பார்க்க இன்றைக்கும் எனக்குத் துணிவு வருவதில்லை.

ஓடைக்கரை ஐயாவின் நிபந்தனைப்படி, எதிரே யார் என்று பார்க்க வேண்டுமல்லவா? 1993ஆம் ஆண்டுக்கான அந்த விருதை 'விதேயன்', 'பொந்தன்மாட' என்ற இரண்டு படங்களுக்காகவும் சேர்த்து மம்மூட்டி பெற்றார். ஒன்றில் அடிமையை மிதித்து ஆளும் பாஸ்கர பட்டேலர். மற்றொன்றில் நிலவுடைமையாளனின் காலடியில் கிடக்கும் எளிய உழைப்பாளி. ஒரே ஆண்டில் ஆண்டானாகவும் அடியாளாகவும் நின்று காட்டியவரோடு போட்டியிடுவது யாருக்கும் கடினம்.

எனக்குள்ள முறையீடு விதியைப் பற்றியது. இரண்டு படங்களைச் சேர்த்து ஒருவருக்கும், ஒரே படத்தை வைத்து இன்னொருவருக்கும் மதிப்பெண் போடுவது சரியான ஒப்பீடு ஆகாது. உத்தம் குமாரும் இரண்டு படங்களுக்காகத்தான் பெற்றார். இது முதல் ஆண்டிலிருந்தே வரும் வழக்கம். விதேயனை மட்டும் மகாநதிக்கு எதிரே வைத்தால் என் வாக்கு எங்கே போகும் என்று நெடுநேரம் யோசித்தேன். பட்டேலரின் கொடூரத்தில் ஒரு கோழைத்தனத்தை மம்மூட்டி ஒளித்துவைத்திருக்கிறார். துப்பாக்கி கையில் இல்லாதபோது அந்த உடம்பே சுருங்கிவிடுகிறது. மகாநதியின் துயரம் கதையிலிருந்தே நேராக வந்து நம்மைத் தாக்கிவிடுகிறது; விதேயனில் நடிகர் இல்லையென்றால் அந்தப் பாத்திரமே இல்லை. ஆகவே ஒரு நூலிழையில் மம்மூட்டிக்கே தருகிறேன், மகாநதி என் நெஞ்சுக்கு நெருக்கமான படமாக இருந்தும்.

குறிஞ்சிப்பாடியான்

பழைய படங்களோடு நின்றுவிட வேண்டாம். 2022ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகை விருது 'திருச்சிற்றம்பலம்' படத்துக்காக நித்யா மேனனுக்கும், 'கச்சு எக்ஸ்பிரஸ்' என்ற குஜராத்திப் படத்துக்காக மானசி பாரேக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே ஆண்டில் 'கார்கி'யில் சாய் பல்லவி நடித்திருந்தார். குழந்தை மீதான வன்கொடுமை வழக்கில் கைதான தந்தையை மீட்கப் போராடும் மகள், கடைசியில் உண்மையை எதிர்கொள்ள நேரும்போது அடைகிற மாற்றத்தை அவர் காட்டிய விதம் சாதாரணமானதா? தோழியாக வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போகிற பாத்திரத்தோடு இதை எப்படி ஒப்பிட முடியும்? நடிப்புக்கு உழைப்பு ஓர் அளவுகோல் இல்லையென்றால், பிதாமகனில் பேச்சே இல்லாமல் உடம்பாலும் உறுமலாலும் ஒரு வெட்டியானை உருவாக்கிய விக்ரமுக்கு 2003இல் விருது கொடுத்ததையும் தவறு என்று சொல்ல வேண்டிவரும்.

ஓடைக்கரை

குறிஞ்சிப்பாடியான் கேட்டது நல்ல கேள்வி. இந்த இழையின் நடுப்புள்ளியே அதுதான் என்று நினைக்கிறேன். விக்ரமுக்குக் கொடுத்தது முற்றிலும் சரி. அது அவர் பட்ட சிரமத்துக்கான கூலி அன்று. மனிதர்களோடு பழகாத ஒருவனுக்குள் நட்பு முளைப்பதைச் சொல்லே இல்லாமல் நம்மை நம்பவைத்ததற்கான பரிசு அது.

சாய் பல்லவியின் நடிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அந்த ஆண்டில் என் வாக்கு நித்யா மேனனுக்கே. கார்கியில் கதையின் சூழலே நம்மைப் பதைக்க வைத்துவிடுகிறது. நடிகை அந்தப் பதைப்போடு சேர்ந்து செல்ல முடிகிறது. திருச்சிற்றம்பலத்தில் நித்யா நடித்த ஷோபனாவுக்கோ பெரிய திருப்பமோ, கதறி அழும் காட்சிகளோ துணைக்கு இல்லை. தோழன் வேறு பெண்களிடம் மனத்தைச் சொல்லப் போகும்போதெல்லாம் கூட நின்று யோசனை சொல்லிக்கொண்டே, தன் விருப்பத்தை உள்ளே அடக்கி வைத்திருப்பவள் அவள். அந்த ரகசியம் தோழனுக்குத் தெரியக் கூடாது. பார்க்கிறவருக்கு மட்டும் தெரிய வேண்டும். ஒரே முகத்தில், ஒரே நேரத்தில் இந்த இரண்டையும் செய்வது எவ்வளவு கடினம் என்பது, அதே வகைப் பாத்திரங்களைச் செய்து தோற்ற படங்களைப் பார்த்தால் விளங்கும். இலேசான படம் என்பதற்காக அதில் உள்ள நடிப்பும் இலேசானதென்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தை மீறி நடுவர்கள் எடுத்த முடிவு அது, ஆதலால் அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

தறிச்சத்தம்

இதுவரை பேசியவர்கள் ஒரு பெரிய சிக்கலைத் தொடவில்லை. யார் முதன்மை நடிகர், யார் துணை நடிகர் என்று பிரிப்பது யார்? 2023ஆம் ஆண்டுக்கான விருதுகளில் 'உள்ளொழுக்கு' படத்துக்காக ஊர்வசிக்கும் 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ். பாஸ்கருக்கும் துணைப் பிரிவில் விருது கிடைத்தது. இரண்டு பேருக்கும் விருது வந்ததில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் இரண்டு பேரும் எந்த வகையில் துணை நடிகர்கள்?

உள்ளொழுக்கு, குட்டநாட்டு வெள்ளம் வடியக் காத்திருந்து மகனை அடக்கம் செய்ய வேண்டிய ஒரு தாயும் அவளுடைய மருமகளும் நேருக்கு நேர் நிற்கும் கதை. பார்வதிக்கும் ஊர்வசிக்கும் அதில் சம பங்கு. கடைசியில் மருமகளை மன்னிக்கிற, அவளிடம் மன்னிப்பை வேண்டி நிற்கிற முடிவு, ஊர்வசி நடித்த தாய் லீலாம்மாவின் கையில்தான் இருக்கிறது. விருது அறிவிப்புக்குப் பிறகு ஊர்வசியே இந்தப் பிரிவினைக்கு என்ன அளவுகோல் என்று வெளிப்படையாகக் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அந்த ஆண்டு முதன்மைப் பிரிவில் 'மிஸஸ் சாட்டர்ஜி வெர்சஸ் நார்வே' படத்துக்காக ராணி முகர்ஜி பெற்றார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் ஆவேசத்தை அவர் முழு மூச்சோடு செய்தார், ஆனால் ஆவேசத்துக்குக் கீழே வேறு அடுக்குகள் அதிகம் இல்லை. லீலாம்மாவிடம் மகனை இழந்த துக்கமும், மகனின் நோயை மறைத்துத் திருமணம் செய்துவைத்த குற்றவுணர்வும், ஒரு பேரக்குழந்தை வந்துவிடாதா என்ற ஏக்கமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. முதன்மை விருது ஊர்வசிக்குத்தான் போயிருக்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

பார்க்கிங்கும் அப்படித்தான். வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டையிடும் இரண்டு குடித்தனக்காரர்களின் கதையில் பாஸ்கர் நடித்த இளம்பரிதி எப்படித் துணைப்பாத்திரம் ஆவார்? நேர்மையான அரசு ஊழியர் என்ற ஒரே பெருமையைச் சுமந்து வாழ்ந்தவர், அகந்தையால் படிப்படியாகத் தாழ்ந்து போவதுதான் அந்தப் படமே. பாஸ்கர் பின்னணிக் குரல் கலைஞராக நெடுங்காலம் உழைத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் குரல் பயிற்சி இளம்பரிதியின் ஒவ்வொரு செருமலிலும், பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் மரியாதைச் சொற்களிலும் பயன்படுகிறது. அந்த ஆண்டு முதன்மை நடிகர் விருது 'ஜவான்' ஷாருக் கானுக்கும் 'டுவல்த் ஃபெயில்' விக்ராந்த் மாஸிக்கும் பகிரப்பட்டது. மாஸி தகுதியானவர். ஷாருக் கானுக்கு அதற்கு முன் தேசிய விருது கிடைத்ததில்லை. நெடுநாள் பணியைப் போற்றத்தான் கொடுத்தார்கள் என்றால், அதற்குத் தாதாசாகேப் பால்கே விருது இருக்கிறது. ஜவானில் அவர் செய்த வேலைக்குப் பக்கத்தில் இளம்பரிதியை வைத்துப் பார்க்கும்படி எந்த நடுவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு தகவலையும் சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் ஆண்டுக் கணக்கில் குழப்பம் வருகிறது. படம் திரைக்கு வந்த நாளை வைத்து ஆண்டைக் கணக்கிடுவதில்லை. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற நாளே கணக்கு. அதனால்தான் 2024 ஜூனில் வெளியான உள்ளொழுக்கு 2023ஆம் ஆண்டு விருதுகளில் இடம்பெற்றது. போட்டிக்குப் படத்தை அனுப்ப வேண்டியவர் தயாரிப்பாளர். அவர் அனுப்பாத படத்தை நடுவர்கள் பார்க்கவே மாட்டார்கள். மண்டலக் குழுக்கள் முதலில் பார்த்துப் பரிந்துரைத்த பிறகே மையக் குழு முடிவு செய்கிறது. ஆகவே எல்லாப் புறக்கணிப்பையும் தில்லியின் கணக்கில் எழுதுவது சரியாகாது.

கொடிக்கால்

அப்படியானால் 2021க்கு என்ன சொல்வது? ஜெய் பீம் படத்துக்கு அந்த ஆண்டு ஒரு விருதுகூட இல்லை. 'கங்குபாய் காத்தியாவாடி' படத்துக்காக ஆலியா பட்டும் 'மிமி' படத்துக்காக கிருத்தி சனோனும் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆலியாவின் நடிப்பில் எனக்குக் குறையில்லை. விருதை அவருக்குத் தனியாகவே கொடுத்திருந்தாலும் வாயடைத்திருப்பேன். ஆனால் இருவருக்குப் பகிர முடிந்த விருதில் இரண்டாவது இடம் செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸுக்கு உரியது. காவல்துறை வண்டியில் ஏறி வீட்டுக்குப் போக மறுத்து, நிறைமாத வயிற்றோடு அவர் நடந்து போக, அந்த வண்டி பின்னாலேயே ஊர்ந்து வருகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். அங்கே அவர் வெற்றிப் பெருமிதத்தைக் காட்டவில்லை. களைப்பும் அச்சமும் அந்த நடையில் அப்படியே இருக்கின்றன. அவற்றோடு சேர்ந்துதான் மறுப்பும் இருக்கிறது. கேரளத்துப் பெண்ணான அவர் இருளர் குடியிருப்புப் பெண்ணின் பேச்சையும் உட்காரும் முறையையும் தன்னுடையதாக்கிக்கொண்டதை வெறும் பயிற்சி என்று ஒதுக்கிவிட முடியாது. ராசாக்கண்ணுவாக நடித்த மணிகண்டனைத் துணை நடிகர் பிரிவில் பேசாமல் விட்டதும் பெருங்குறை. அந்த விருது 'மிமி'யில் நடித்த பங்கஜ் திரிபாதிக்குப் போனது. திரிபாதி நல்ல நடிகர், ஆனால் அந்தப் படத்தில் அவர் தமக்குப் பழகிய தடத்தைவிட்டு ஓர் அடிகூட வெளியே வைக்கவில்லை.

அதே விழாவில் 'கடைசி விவசாயி' நல்லாண்டி ஐயாவுக்குச் சிறப்புக் குறிப்பு மட்டும், அதுவும் அவர் மறைந்த பிறகு, கிடைத்தது. 'புஷ்பா' படத்துக்காக அல்லு அர்ஜுன் சிறந்த நடிகர் ஆனார். என் கணக்கில் அந்தச் சிறந்த நடிகர் விருது முழுமையாக நல்லாண்டி ஐயாவுடையது.

குறிஞ்சிப்பாடியான்

நல்லாண்டி ஐயாவின் மீது எனக்கும் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் ஒரு விவசாயி விவசாயியாகவே வந்து நிற்பதை எப்படி நடிப்பு என்று சொல்வது? அவர் நடந்தார், பேசினார், இயக்குநர் மணிகண்டன் அதைப் படம்பிடித்தார். அந்தப் பெருமை இயக்குநருக்கும் ஒளிப்பதிவுக்கும் உரியது. தோள் ஒன்றைத் தூக்கி, கால் இழுத்து, சித்தூர்ப் பக்கத்துப் பேச்சைக் கற்று, இல்லாத ஒரு மனிதனை உருவாக்கிய அல்லு அர்ஜுனின் உழைப்பைப் பின்னால் தள்ளுவது நியாயம் ஆகாது. சிறப்புக் குறிப்பு என்ற ஏற்பாடு நல்லாண்டி ஐயா போன்றவர்களுக்காகவே இருக்கிறது.

அல்லிக்கேணி

இதை மறுத்தே ஆக வேண்டும். கடைசி விவசாயியில் மாயாண்டி செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக வழக்கில் மாட்டிக்கொள்கிறார். நீதிமன்றத்தில் நிற்கும்போது, எல்லோரும் அவருடைய குற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் கவனமெல்லாம் தண்ணீர் இல்லாமல் வாடும் பயிர் மேல் இருக்கிறது. அந்த நீதிமன்றம் படப்பிடிப்புக்கு அமைத்தது; அந்த வழக்கு எழுதப்பட்டது; அந்தப் பயிர் அவர் வயலில் வாடவும் இல்லை. இவ்வளவும் கற்பனை என்று தெரிந்தும், காமிராவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று, அந்தக் கவலையை உண்மையான கவலையாக அவர் கொண்டுவந்தார். இதற்குப் பெயர் நடிப்பு இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயரைக் கொடுப்பது? காமிரா முன் தானாகவே இருப்பது எளிது என்று நினைப்பவர்கள், திருமண வீடியோக்களில் நம் உறவினர்கள் எப்படி விறைத்து நிற்கிறார்கள் என்பதை ஒருமுறை பார்க்கட்டும்.

எல்லா வேடத்துக்கும் அவரைப் பயன்படுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் இந்த விருது வாழ்நாள் திறமைக்கு உரியதன்று. ஒரு படத்தில், ஒரு பாத்திரத்தில் என்ன நிகழ்ந்தது என்பதே கேள்வி என்று வைத்துக்கொண்டுதானே இந்த இழையில் இதுவரை பேசினோம்? அந்தக் கேள்விக்கு 2021இல் என் பதிலும் நல்லாண்டி ஐயாதான்.

மூன்றாம்வரிசை

அல்லிக்கேணி அம்மாவின் வாதத்தையே பிடித்துக்கொண்டு, 2018க்கு நான் ஒரு பெயரை முன்வைக்கிறேன். 'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனின் தந்தையாக வந்த நெல்லை தங்கராசு. அவரும் பயிற்சி பெற்ற திரைநடிகர் அல்லர். பெண் வேடமிட்டு ஆடிவந்த நாட்டார் கலைஞர். அந்த ஆண்டுத் துணை நடிகர் விருதை 'சும்பக்' என்ற மராத்திப் படத்துக்காக சுவானந்த் கிர்கிரே பெற்றார். அவருடைய நடிப்பில் ஒரு வெகுளித்தனம் உண்டு, அது எனக்குப் பிடிக்கும். ஆனால் தங்கராசு தோன்றும் நேரம் மிகக் குறைவாக இருந்தும், வேட்டி உருவப்பட்டுத் தெருவில் ஓடுகிற அந்தக் காட்சியில் ஒரு முழு வாழ்க்கையின் அவமானம் அவருடைய உடம்பில் இருக்கிறது. ஆடிக் களித்த அதே உடம்பு அது. மருத்துவமனையில் மகனுக்கு எதிரே கிடக்கும்போது அவர் முகத்தில் கோபத்தைவிடப் பழக்கமே அதிகம் தெரிகிறது. இது தனக்கு முதல்முறை இல்லை என்று அந்த முகம் சொல்லிவிடுகிறது. எத்தனை நிமிடம் திரையில் வந்தார் என்று எண்ணி வாக்களிப்பவனாக இருந்தால் கிர்கிரேவுக்குப் போடுவேன். அப்படி எண்ணும் பழக்கம் எனக்கு இல்லாததால், தங்கராசுவுக்கே போடுகிறேன்.

ஓடைக்கரை

தங்கராசுவுக்கு என் வாக்கும் சேரட்டும். 2014ஐ இதுவரை யாரும் தொடவில்லை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். 'காக்கா முட்டை'யில் நடித்த இரண்டு சிறுவர்களுக்கும் சிறந்த குழந்தை நட்சத்திர விருது கிடைத்தது, மிகவும் சரி. அவர்களுக்குத் தாயாக நடித்த ஐஸ்வர்யா ராஜேஷுக்கு எதுவும் கிடைக்கவில்லை. முதன்மைப் பிரிவில் 'குயின்' கங்கனா ரணாவத்தை நான் அசைக்க மாட்டேன். துணை நடிகை விருது 'பக்டி த ஹானர்' என்ற ஹரியான்வி படத்துக்காக பல்ஜிந்தர் கௌருக்குப் போனது. வளர்ந்து வரும் கதாநாயகிகள் இரண்டு பையன்களுக்குத் தாயாக நடிக்கத் தயங்கும் தொழிலில், ஐஸ்வர்யா அந்தத் தாயின் கோபத்தையும் சிரிப்பையும் ஒரே வாக்கியத்தில் மாற்றி மாற்றிக் கொடுத்தார். கணவன் சிறையில், மாமியார் வீட்டில், பையன்கள் தெருவில் என்ற நிலையில் அவள் தன்னைப் பார்த்து இரங்கிக்கொள்ளும் ஒரு நொடிகூடப் படத்தில் இல்லை. என் பட்டியலில் 1985க்கு சிவாஜி, 2014க்குத் துணை நடிகையாக ஐஸ்வர்யா ராஜேஷ். இவ்விருவரின் பெயர்களையும் யார் வந்து வாதிட்டாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.